வைத்த இடம்

வாக்குமூலத்தின் நான்காவது வரியில்
கான்ஸ்டபிள் ஃபின்லே ஸ்வான்சன் பேனாவை நிறுத்தினான்.
"மலைக்கு நான் தீ வைத்தேன்.
இப்படி எழுதிக்கொள்ளட்டுமா, மிஸ்ஸிஸ் கன்?"

மர்டீனா கன் ஜன்னலைப் பார்த்தாள்.
வெளியே, கடல் வரைக்கும்,
அடித்துத் திருத்திய கணக்கு மாதிரி
கரேலென்று கிடந்தது சரிவு.

"மலைக்கு இல்லை. ஹெதர் புதருக்கு.
வேலியோரம், ஒரு கொட்டகை அகலத்துக்கு.
மலை அதுவாகப் பிடித்துக்கொண்டது."

வைத்தேன் என்பதற்கு அவள் சொன்ன சொல்: செட்.
ஒரே அசை.
அகராதியில் மட்டும்
பக்கம் பக்கமாகக் குடித்தனம்.
நாம்கூட அதை வாங்கித் தோசையோடு சாப்பிட்டாயிற்று.

அன்று விடிந்ததிலிருந்து அவள் செட் செய்தவை:
ஐந்தரைக்கு அலாரம்.
மேசையில் தட்டு, கத்தி, முள்கரண்டி, ஒருத்திக்கு.
மாவு மூட்டைக்குப் பின்னால் எலிப்பொறி.
பழுப்புக் கோழி, ஒன்பது முட்டையின் மேல்.
போன குளிரில் கோல்ஸ்பி டாக்டர்
அவள் மணிக்கட்டு எலும்பைப் பொருத்தியதற்கும் அதே சொல்.
ஜெல்லி இறுகுவதற்கும், சிமெண்ட் காய்வதற்கும்.
பொழுது சாய்வதற்கும்.
வைத்தால் அங்கேயே இருக்கும் என்று
நம்புகிற சொல்.

நாமும் வைக்கிறோம்.
உலை வைக்கிறோம், பூ வைக்கிறோம்,
பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம்.
பெயர் ஆளுக்குப் பின்னும் இருக்கிறது.
ஒன்றையொன்று பார்த்தே இராத இரண்டு மொழிகள்
தீயைப் போய் வைத்தேன் என்று சொல்ல
எங்கே ஒத்துக்கொண்டன?

பதினொன்றரைக்குக் காற்று திரும்பியது.
அவளிடம் ஈரச் சாக்கு ஒன்று, மண்வாரி ஒன்று.
சாக்கு முதலில் காய்ந்தது.

நான்கு மணிக்கு
இஷ்பெல் மக்காயின் தேன்பெட்டிகள்,
பதினொன்றும்.
மெழுகு உருகி ஓடிற்று,
ஓடிய வழியெல்லாம் எரிந்தது.
அதற்குப் பிறகும் வெகுநேரம்
திரும்பி வந்துகொண்டே இருந்தன தேனீக்கள்,
பெட்டி இருந்த உயரத்தில் நின்று நின்று சுற்றின.

இஷ்பெல் இருட்டியபின் வந்தாள்.
"நீ ஒன்றும் செய்யவில்லை மர்டீனா. காற்றுதான்."
அவள் கையில் ஒரு ரொட்டி இருந்தது.
அதைத்தான் மர்டீனாவால் தாங்க முடியவில்லை.

ஸ்வான்சனுக்கு இடது புருவம் இல்லை.
நேற்று தீயடிக்கப் போன வரிசையில் அவனும் நின்றான்.
குரலைத் தாழ்த்தினான்.
"தீ ஏற்பட்டது என்று போடலாம்.
கட்டுப்பாட்டை மீறிப் பரவியது என்று.
வழக்கில் அது உங்களுக்கு நல்லது."

ஏற்பட்டது.
ஆளே இல்லாத சொல். அவள்
அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்,
விலை கேட்டுவிட்டு வாங்காமல் வைக்கிற கோட்டைப் போல.

பேனாவை வாங்கினாள்.
'நான் வைத்தேன்.
வைத்த இடத்தில் அது இருக்கவில்லை.'

"இரண்டாவது வரிக்குப் படிவத்தில் இடமில்லையே."
"ஓரத்தில் இருக்கிறதே," என்றாள்.
ஓரத்தில் எழுதினாள், தாளைக் குறுக்கே திருப்பி.

அவன் ஜீப் வளைவில் மறைந்ததும்
அடுப்பின் முன் மண்டியிட்டாள்.
காகிதம், சுள்ளி, மேலே இரண்டு கட்டி பீட் கரி.
அடுக்கிவிட்டுக் கொளுத்தாமல் விடுவதற்கும்
அவர்களிடம் ஒரு சொல் உண்டு: லே.
படுக்க வைப்பது. முட்டை இடுவதும் அதுதான்.

தீப்பெட்டி ஜன்னல் விளிம்பில் இருந்தது.
நான்கு அடி.
அவள் எழுந்திருக்கவில்லை.

கோட்டைக் கழற்றாமல் ரொட்டியைத் தின்றாள்.
பிறகு டார்ச்சோடு கொட்டகைக்குப் போய்
பழுப்புக் கோழியின் அடியில் கையை விட்டாள்.
அது கொத்தியது, நகரவில்லை.
ஒன்பதும் இருந்தன,
சூடாக.